அகதி, கும்பல், குற்றவாளி: ஒரு சொல்லாடல் உருவான கதை

1

'கும்பல்' என்கிற சொல்லை நாம் எப்போது பயன்படுத்துகிறோம் என்று யோசித்துப் பார்க்கலாம். திருவிழாவில் சேர்வது கூட்டம். கட்சி மாநாட்டில் சேர்வது மக்கள் வெள்ளம். படித்த இளைஞர்கள் நாலுபேர் சேர்ந்து பத்திரிகை நடத்தினால் அது குழு. அதே வயசில், வேலைவெட்டி இல்லாமல் தெருமுனையில் நிற்கிற நாலுபேர் என்றால் மட்டும் கும்பல். எண்ணிக்கையில் வித்தியாசம் ஒன்றுமில்லை, பார்க்கிற கண்ணில்தான் இருக்கிறது. கலிபோர்னியா மாநிலம் 1988இல் கொண்டுவந்த தெருப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் இந்தப் பார்வைக்கு ஒரு கணக்கையே வகுத்துத் தந்தது. மூன்று பேர் அல்லது அதற்குமேல், பொதுவாக ஒரு பெயர் அல்லது அடையாளக் குறி, குற்றச் செயல் முக்கிய நடவடிக்கைகளில் ஒன்றாக இருத்தல். இவை பொருந்தினால் 'குற்றத் தெருக்கும்பல்'.

'அகதி'யும் லேசுப்பட்ட சொல் இல்லை. கதி இல்லாதவர் அகதி. ஈழத்து எழுத்தாளர்கள் சிலர் இதைத் தவிர்த்து 'ஏதிலி' என்கிறார்கள். அதுவும் இல்லாமையைத்தான் சொல்கிறது. கதியற்றவர் என்று ஒருவரை அழைத்த மாத்திரத்தில், அவருடைய கதியைப் பறித்தவர் யார் என்கிற கேள்வி வாக்கியத்திலிருந்து காணாமல் போகிறது. எழுவாய் இல்லாத வினை. இலக்கணம் படித்தவர்களுக்கு இது புரியும்.

அகதியைப் பார்த்தால் இரக்கப்படு, கும்பலைப் பார்த்தால் பயப்படு என்று பொதுப்புத்தி நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. ஆனால் லாங் பீச்சிலும் ஸ்டாக்டனிலும் ஃப்ரெஸ்னோவிலும் 1980களில் இரண்டுபேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அம்மா அகதி, பதினைந்து வயசு மகன் கும்பல்காரன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் தாய்லாந்து எல்லை முகாமில் நிவாரணச் சோற்றுக்குத் தட்டு ஏந்தி நின்றவன் அதே பையன்தான். இரக்கத்துக்குரிய பிள்ளை எந்த இடத்தில், யார் கையால் பயத்துக்குரியவனாகிறான்? வியட்நாம், கம்போடியா, லாவோஸ் அகதிகளின் தெருக்கும்பல்களைப் பற்றி எழுதப்பட்டவை, எடுக்கப்பட்டவை சிலவற்றை இந்தக் கேள்வியோடு வாசித்துப் பார்ப்பதே என் நோக்கம்.

இதற்கு ஏற்கெனவே இரண்டு தயார்ப் பதில்கள் இருக்கின்றன. ஒன்று காவல்துறையின் பதில்: இவர்கள் யுத்தத்தில் பிறந்தவர்கள், வன்முறையை மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்கள். இன்னொன்று சமூகநல அலுவலகத்தின் பதில்: பெற்றோர் கவனிக்கவில்லை, பண்பாட்டு மோதல், இரு உலகங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட தலைமுறை. முதலாவது ரத்தத்தைக் குற்றம் சொல்கிறது, இரண்டாவது குடும்பத்தை. வந்து சேர்ந்த இடத்தை இரண்டும் தொடுவதேயில்லை. 'கும்பல்' ஆய்வின் மூலநூலாகச் சொல்லப்படும் ஃபிரடெரிக் த்ராஷரின் புத்தகம் 1927இல் வந்தது. சிகாகோவில் 1,313 கும்பல்களைக் கணக்கெடுத்தவர் அவர். ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் அவற்றில் நிறைந்திருந்தார்கள். கும்பல்கள் நகரத்தின் இடைவெளிகளில், ஒழுங்கு பிசகிய சந்துகளில் முளைக்கின்றன என்று அப்போதே அவர் எழுதினார். போலந்துக்காரப் பிள்ளைக்கும் இத்தாலிக்காரப் பிள்ளைக்கும் நகரத்தைக் காரணம் சொன்ன சமூகவியல், கம்போடியப் பிள்ளை என்றதும் கண்டம் தாண்டிப் போய்க் காரணம் தேடுகிறது. இதென்ன கூத்து?

2

சரி, கண்டம் தாண்டியே போவோம். அங்கே என்ன இருந்தது?

லாவோஸ் மீது 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் 5,80,000 தடவைக்கு மேல் குண்டுவீசப் போயின. 20 லட்சம் டன்னுக்கும் கூடுதலான குண்டுகள். கம்போடியாவின் மேல் 1969இல் ரகசியமாகத் தொடங்கிய தொடர் குண்டுவீச்சு 1973 ஆகஸ்டில்தான் நின்றது. 1975 ஏப்ரல் 17இல் புனோம் பென் விழுந்தது, கெமர் ரூஜ் ஆட்சி. 1979 ஜனவரியில் வியட்நாம் படை அந்த ஆட்சியைக் கவிழ்ப்பதற்குள் சுமார் 17 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் செத்துப்போனார்கள். புத்த விகாரைகள் மூடப்பட்டன. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வேலை முகாம்களில் வைத்தார்கள். குடும்பம் என்கிற அமைப்பையே திட்டமிட்டு உடைத்தார்கள். இடதுசாரிகளாகிய நாம் இதைச் சொல்லத் தயங்கக் கூடாது. குண்டுவீச்சைச் சொல்லிவிட்டு கெமர் ரூஜை அடிக்குறிப்புக்குத் தள்ளுவதும், கெமர் ரூஜைச் சொல்லிவிட்டுக் குண்டுவீச்சை மறப்பதும் ஒரே மோசடியின் இரண்டு பக்கங்கள்.

லாவோஸ் மலைப்பகுதியின் ஹ்மோங் மக்கள் விஷயம் இன்னும் சிக்கலானது. 1961 முதல் அமெரிக்க உளவுத்துறை அவர்களைத் திரட்டி, ஜெனரல் வாங் பாவோ தலைமையில் ரகசியப் படை கட்டியது. பெரியவர்கள் செத்து ஆள் தீர்ந்துபோன பிற்பட்ட வருஷங்களில் பன்னிரண்டு, பதின்மூன்று வயசுப் பிள்ளைகளும் துப்பாக்கி தூக்கினார்கள். அந்தப் பிள்ளைகளைப் பயிற்றுவித்த அரசு அவர்களைக் கும்பல் என்று அழைக்கவில்லை, நேச நாட்டு வீரர்கள் என்று அழைத்தது. இருபது வருஷம் கழித்து ஃப்ரெஸ்னோவில் அவர்களுடைய பிள்ளைகள் அதே வயசில், யாருடைய உத்தரவும் இல்லாமல், தங்களுக்காகத் துப்பாக்கி தூக்கியபோதுதான் 'ஆசியக் கும்பல் அபாயம்' பற்றி அறிக்கைகள் வரத் தொடங்கின. வன்முறை எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்கள், பதின்மூன்று வயசுப் பையன் கையில் முதலில் துப்பாக்கியைக் கொடுத்தது யார் என்றும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் இங்கேயே நின்றுவிட்டால் நாமும் 'யுத்தத்தில் பிறந்தவர்கள்' என்ற காவல்துறை வாதத்தில்தான் போய் விழுவோம். அதே யுத்தத்தைப் பார்த்த, அதே முகாமில் கிடந்த பிள்ளைகளில் பெரும்பான்மையோர் எந்தக் கும்பலிலும் சேரவில்லை. சேர்ந்தவர்களில் பலர் யுத்தத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை. தாய்லாந்து முகாம்களில் பிறந்தவர்கள், கைக்குழந்தைகளாக விமானம் ஏறியவர்கள். லாங் பீச் கம்போடியப் பையன்கள் தங்கள் கும்பலுக்கு வைத்துக்கொண்ட நடையுடை, கைச்சைகை, வண்ணத் துணி, வட்டாரக் கணக்கு எல்லாம் லாஸ் ஏஞ்சலீஸ் தெருக்களில் பல பத்தாண்டுகளாக இருந்தவை. மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களிடமிருந்தும் கறுப்பின இளைஞர்களிடமிருந்தும் கற்றவை. அமெரிக்கமயமாகவில்லை என்பது இவர்கள் மேலிருந்த புகார். நிஜத்தில், தங்களுக்குக் கிடைத்த அமெரிக்காவை அவர்கள் வேகமாகவே கற்றுக்கொண்டார்கள்.

3

கிடைத்த அமெரிக்கா எது?

1975இல் சைகோன் விழுந்ததும் சுமார் 1,30,000 பேரை நாலு ராணுவ முகாம்களில் கொண்டுவந்து வைத்தார்கள். பிறகு நாடு முழுக்கத் தூவி விட்டார்கள். எந்த ஊருக்கும் சுமையாகக் கூடாது, ஒரே இடத்தில் சேர்ந்துவிடக் கூடாது என்பது கொள்கை. தேவாலயங்களும் தொண்டு நிறுவனங்களும் ஆளுக்கொரு குடும்பத்தைப் பொறுப்பேற்றன. கம்போடியர்களும் லாவோஸ்காரர்களும் பெருமளவில் வந்தது 1979க்குப் பிறகு. பயிரில் நாற்று நடுவதுபோல இடைவெளி விட்டு நட்டார்கள். ஆனால் மனுஷன் நாற்று இல்லையே. பனிகொட்டும் ஊரில் மொழி தெரியாமல், சொந்தமில்லாமல் கிடந்த குடும்பங்கள் பஸ் பிடித்தும் பழைய கார் வாங்கியும் தங்கள் சனம் இருக்கிற இடம் தேடி நகர்ந்தன. கல்லூரியில் படிக்க முன்பே வந்திருந்த சில கம்போடிய மாணவர்களைச் சுற்றி லாங் பீச்சில் ஒரு கம்போடிய நகரமே உருவானது. ஹ்மோங் மக்கள் ஃப்ரெஸ்னோ, மெர்செட், மின்னசோட்டாவின் செயின்ட் பால் என்று சேர்ந்தார்கள். வியட்நாமியர் ஆரஞ்சு கவுண்டியிலும் சான் ஹோசேயிலும்.

நகர்ந்து போனவர்களுக்கு வீடு கிடைத்தது எங்கே? வாடகை மலிவான இடத்தில். வாடகை ஏன் மலிவு? ஆலைகள் மூடப்பட்டு வெள்ளையர்கள் கிளம்பிப்போன, கறுப்பின மக்களும் மெக்சிகோ வம்சாவளியினரும் ஏற்கெனவே நெருக்கியடித்துக் கிடந்த வட்டாரம் அது. லாங் பீச்சுக்கு அருகிலுள்ள சவுத் கேட்டில் ஃபயர்ஸ்டோன் டயர் ஆலை 1980இல் மூடியது. ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1982இல் மூடியது. முந்தைய தலைமுறைக் குடியேறிகள் ஆங்கிலம் தெரியாமலே நுழைந்து, பிள்ளையைப் படிக்கவைத்து மேலேறிய ஏணி அது. இவர்கள் வந்து சேர்ந்த நேரம் பார்த்து ஏணி எடுக்கப்பட்டுவிட்டது. 1980இன் அகதிகள் சட்டத்தின்கீழ் 36 மாதம் என்றிருந்த பண உதவி 1982இல் 18 மாதமாகியது, 1988இல் 12, 1991இல் 8 என்று தேய்ந்தது. நிலவுரிமை இல்லாதவனுக்கு நிலாவும் தேய்பிறைதான் போலிருக்கிறது.

பள்ளிக்கூடம் வயசைப் பார்த்து வகுப்பில் உட்காரவைத்தது. முகாமில் எழுத்தே படிக்காத பதினாலு வயசுப் பையன் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்தான். புரியவில்லை. வெளியே வந்தால் அடி. எந்தக் கும்பல் எப்படித் தொடங்கியது என்று கேட்டால் திரும்பத் திரும்ப வரும் பதில் இதுதான்: பள்ளியிலும் போகிற வழியிலும் எங்களை அடித்தார்கள், பிடுங்கினார்கள், கேட்க ஆளில்லை, நாங்கள் சேர்ந்து நின்றோம். லாங் பீச்சின் டைனி ராஸ்கல் கும்பலைப் பற்றியும் இப்படித்தான் சொல்லப்படுகிறது. சேர்ந்து நிற்பதற்கும் சேர்ந்து அடிப்பதற்கும் இடையில் தூரம் அதிகமில்லை. 1989இல் அங்கே கம்போடிய, மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களுக்கிடையே தொடங்கிய பழிக்குப்பழி பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்தது. அடிமட்டத்தில் கிடந்த இரண்டு சனங்கள் ஒரே தெருவின் வாடகை வீடுகளுக்காக ஒன்றையொன்று தின்றன.

வீட்டுக்குள் என்ன நிலைமை? லாங் பீச் கம்போடியர்களிடையே நடத்தி 2005இல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்களில் 62 விழுக்காட்டினருக்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன நெருக்கடியும் 51 விழுக்காட்டினருக்குக் கடும் மனச்சோர்வும் இருந்தன. அவர்கள் வந்து இருபது வருஷங்களுக்குப் பிறகும் இந்த நிலை. 1980களில் அதே வட்டாரத்தில் 150 அளவிலான கம்போடியப் பெண்கள் பார்வை போய்விட்டது என்று மருத்துவர்களிடம் வந்தார்கள். கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை. பார்க்கக் கூடாததைப் பார்த்த கண்கள், அவ்வளவுதான். இந்த அம்மாக்களைப் பார்த்துத்தான் 'பெற்றோர் கண்காணிப்பு போதாது' என்று அறிக்கை எழுதினார்கள்.

அதிகாரத்தின் திசையும் வீட்டுக்குள் மாறியிருந்தது. ஆங்கிலம் முதலில் பிள்ளைக்கு வந்தது. நிவாரண அலுவலகத்தில், மருத்துவமனையில், வீட்டுக்காரரிடம், பள்ளியிலிருந்து வந்த புகார்க் கடிதத்தில் என எங்கும் பத்து வயசுப் பிள்ளைதான் அப்பாவின் வாய். தன்னைப் பற்றிய புகாரைத் தானே மொழிபெயர்க்கிற பிள்ளை என்ன சொல்லும்? அப்பா ஒரு காலத்தில் வாத்தியாராக, படைவீரராக, ஊர்ப் பெரியவராக இருந்திருக்கலாம். இப்போது சமூகநல அலுவலர் முன்னால் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தந்தைமையின் அதிகாரம் சரிவதைக் கொண்டாடுகிற நண்பர்கள் நம்மிடையே உண்டு. எனக்கும் அதில் விருப்பம்தான். ஆனால் இங்கே சரிந்தது ஆணாதிக்கம் அல்ல. அரசு அலுவலகத்தின் முன்னால் ஒரு மனுஷனின் பேச்சு பறிபோனது. ஆணாதிக்கம் வேறு வடிவில், மகனின் கும்பலில், அதைவிட மோசமாகத் திரும்பி வந்தது.

4

எல்லாக் கும்பலும் ஒன்று என்று நினைப்பது காவல்துறைப் பழக்கம். குறைந்தது மூன்று பாதைகளை நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். லாங் பீச், ஸ்டாக்டன் கம்போடியரிடம் கண்டது வட்டாரக் காப்பு. ஆரஞ்சு கவுண்டி, சான் ஹோசே வியட்நாமிய இளைஞர்களிடம் தெருவின் மீது உரிமை கொண்டாடும் வழக்கம் குறைவு. காரில் ஊர்விட்டு ஊர்போய், சொந்த இனத்தாரின் வீடுகளில் புகுந்து கொள்ளையடிப்பதே அவர்கள் முறையாயிற்று. வங்கியை நம்பாத அகதிகள் தங்கத் தகடும் ரொக்கமும் வீட்டில் வைத்திருப்பார்கள், போலீசுக்குப் போகமாட்டார்கள் என்பது அந்தப் பையன்களுக்குத் தெரியும். எப்படித் தெரியும்? தங்கள் வீட்டிலும் அப்படித்தானே. மூன்றாவது நியூயார்க் பாதை. அங்கே ஏற்கெனவே வேரூன்றியிருந்த சீனக் கும்பல்கள் வியட்நாமியப் பையன்களை அடியாள் வேலைக்கு வைத்துக்கொண்டன. அதிலிருந்து பிரிந்து வந்தவர்களுள் ஒருவரான டேவிட் தாய் 1980களின் பிற்பகுதியில் கனால் தெருவில், போலிக் கைக்கடிகார வியாபாரத்தின் மேல் ஒரு கும்பலைக் கட்டினார். அவரோடு சேர்ந்தவர்களில் பலர் பெற்றோரில்லாமல் படகில் வந்த பையன்கள். அவர்களுக்குச் சோறும் படுக்க இடமும் 'அண்ணா' என்று கூப்பிட ஓர் ஆளும் அங்கேதான் கிடைத்தன. 1992இல் அந்தக் கும்பலின் தலைமை தண்டிக்கப்பட்டது.

அதன் பெயரைக் கவனியுங்கள்: 'பார்ன் டு கில்'. கொல்லவே பிறந்தவன். இது வியட்நாமியத் தொடர் அல்ல. வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் தங்கள் தலைக்கவசத்தில் எழுதிக்கொண்ட வாசகம். ஸ்டான்லி குப்ரிக்கின் 1987ஆம் ஆண்டுப் படத்தில் அந்தத் தலைக்கவசத்தைப் பார்த்திருப்பீர்கள். தன்னைக் கொல்ல வந்தவனின் வாசகத்தை எடுத்துத் தன் பெயராகச் சூட்டிக்கொள்கிறான் பையன். இதைப் போலச்செய்தல் என்பதா, பகடி என்பதா, தோற்றவன் வென்றவனின் தோலைப் போர்த்திக்கொள்வது என்பதா? மூன்றும்தான் என்று எனக்குப் படுகிறது. சிட்னியின் கப்ரமட்டாவில் இருந்த '5டி' என்ற கும்பலின் பெயரில் வேறொரு குரல். டகர ஒலியில் தொடங்கும் ஐந்து வியட்நாமியச் சொற்கள்: காதல், பணம், சிறை, பாவம். ஐந்தாவதைப் பழி என்றும் சாவு என்றும் இருவிதமாகச் சொல்கிறார்கள். ஒரு வாழ்க்கையின் சுருக்கத்தை வரிசை மாறாமல் அடுக்கியதுபோல் இருக்கிறது. டொரன்டோவின் ஈழத் தமிழ் அகதி இளைஞர்களிடையே 1990களில் மோதிக்கொண்ட கும்பல்களில் ஒன்று வல்வெட்டித்துறையின் பெயர்ச்சுருக்கத்தைச் சுமந்ததும் இதே வகையில் யோசிக்கத்தக்கது. ஊரை இழந்தவன் ஊர்ப்பெயரைக் கும்பலாக்குகிறான். யுத்தம் இந்தப் பையன்களின் ரத்தத்தில் ஏறவில்லை. அது அவர்கள் மொழியில் தங்கியிருந்தது.

1991 ஏப்ரல் 4இல் சேக்ரமென்டோவில் ஒரு மின்னணுச் சாமான் கடையில் நாலு இளைஞர்கள் 41 பேரைப் பணயமாகப் பிடித்தார்கள். மூன்றுபேர் வியட்நாமிய அகதிக் குடும்பத்துச் சகோதரர்கள். ஒரு கும்பலைச் சேர்ந்தவர்கள் என்றது காவல்துறை. எட்டு மணி நேரத்துக்குப் பிறகு பணயக்கைதிகள் மூவரும் இளைஞர்கள் மூவரும் செத்தார்கள். அவர்கள் கேட்டவை: நாற்பது லட்சம் டாலர், குண்டு துளைக்காத சட்டைகள், ஹெலிகாப்டர், ஆயிரம் வருஷப் பழமையுள்ள ஜின்செங் வேர். எதற்கு? தென்கிழக்காசியாவுக்குப் போய்க் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட. இந்தப் பட்டியலைப் பைத்தியக்காரத்தனம் என்று பத்திரிகைகள் சிரித்தன. நான் இதை ஒரு பிரதியாகவே வாசிக்கிறேன். அப்பாக்களின் தோற்றுப்போன யுத்தம், ஹாலிவுட்டின் சாகச வீரன், பாட்டி சொன்ன கதையின் மூலிகை. மூன்றும் ஒரே வரியில் வந்து நிற்கின்றன. அவர்களுடைய தன்னிலை எதைக்கொண்டு தைக்கப்பட்டதோ அந்தத் துணிகள் அப்படியே தெரிகின்றன. இப்படி வாசிப்பதால் செத்த மூன்று பணயக்கைதிகளின் சாவு லேசாகிவிடாது.

5

இனி பெயர் சூட்டும் அதிகாரத்துக்கு வருவோம்.

1989 ஜனவரி 17இல் ஸ்டாக்டனில் ஓர் ஆரம்பப் பள்ளி மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள்மீது ஒரு வெள்ளை இளைஞன் சீனத் தயாரிப்பு ஏகே ரகத் துப்பாக்கியால் நூறு ரவைக்குமேல் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டான். ஐந்து குழந்தைகள் செத்தார்கள். நாலுபேர் கம்போடியர், ஒருவர் வியட்நாமியர். முப்பதுக்கு மேற்பட்டோர் காயம். கெமர் ரூஜிடம் தப்பி வந்த தாய்தகப்பன் பிள்ளையைக் கலிபோர்னியாவில் புதைத்தார்கள். அந்தக் கொலைகாரனை 'மனநிலை பிறழ்ந்த தனியாள்' என்றார்கள். வெள்ளையன் சுட்டால் அவன் தனியாள், அவனுடைய மனசை ஆராய வேண்டும். கம்போடியப் பையன் சுட்டால் அவன் கும்பல், அவனுடைய இனத்தை ஆராய வேண்டும். தனிமனிதனாக இருப்பதே ஒரு சலுகைதான் போலிருக்கிறது.

துப்பாக்கிச் சட்டம் அந்த வருஷமே வந்தது உண்மை. ஆனால் அந்தப் பள்ளியின் பிள்ளைகள் பதின்வயதை எட்டியபோது அவர்களுக்காகக் காத்திருந்தது வேறொன்று. ஆரஞ்சு கவுண்டியின் கார்டன் குரோவ் போலீஸ், கடைவீதியில் நின்ற ஆசிய இளைஞர்களை நிறுத்தி வைத்துப் புகைப்படம் எடுத்துத் தொகுத்தது. எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். தொளதொளச் சட்டைதான் குற்றம். 1994இல் வழக்காகி 1995இல் சமரசமானது. பிறகு புகைப்பட ஆல்பத்தின் இடத்தைக் கணினி எடுத்துக்கொண்டது. மாநிலத்தின் கும்பல் தரவுத்தளத்தை 2016இல் அரசுத் தணிக்கையாளர் ஆராய்ந்தபோது, பதியப்பட்ட நேரத்தில் ஒரு வயசுகூட ஆகாதவர்கள் 42 பேர் அதில் இருந்தார்கள். அவர்களில் 28 பேர் தாங்கள் கும்பல் உறுப்பினர் என்று 'தாமே ஒப்புக்கொண்டவர்கள்' என்று பதிவு சொன்னது. இதற்குமேல் நான் கோட்பாடு எதையும் சேர்க்க வேண்டியதில்லை. தவழ்கிற பிள்ளையின் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளத் தெரிந்த எந்திரம் அது.

1996இன் குடியேற்றச் சட்டம் சங்கிலியின் கடைசிக் கண்ணி. நாடுகடத்தலுக்குரிய குற்றங்களின் பட்டியலை அது விரித்தது, பழைய குற்றங்களுக்கும் பின்தேதியிட்டுப் பொருத்தியது. பதினெட்டு வயசில் செய்த குற்றத்துக்குத் தண்டனையை முழுசாக அனுபவித்து, வெளியே வந்து வேலை பார்த்து, கல்யாணம் கட்டிப் பிள்ளை பெற்றவனையும் அது விடவில்லை. 2002 மார்ச்சில் கம்போடிய அரசு அமெரிக்காவோடு ஒப்பந்தம் போட்டது. அதன்பிறகு நூற்றுக்கணக்கானோர் புனோம் பென்னுக்கு அனுப்பப்பட்டார்கள். பலர் அந்த மண்ணை மிதித்ததே இல்லை, தாய்லாந்து முகாமில் பிறந்தவர்கள். குழந்தையாக வந்தபோது குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை. அகதியாக வந்தவன் கும்பலாகி, குற்றவாளியாகி, மறுபடியும் கதியற்றவனாகிறான். ஆக, கும்பல் எங்கே பிறந்தது என்ற கேள்விக்கு என் பதில்: ராணுவ முகாம், மீள்குடியேற்ற அலுவலகம், பள்ளிக்கூடம், போலீஸ் நிலையம் என்கிற நாலு கட்டிடங்களுக்கு நடுவிலிருந்த தெருவில் பிறந்தது.

6

ஹ்மோங் கும்பலை உலகத்துக்குக் காட்டிய படம் கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் 'கிரான் டொரினோ' (2008). கொரிய யுத்தத்தில் சண்டை போட்ட, ஃபோர்டு ஆலையில் உழைத்து ஓய்வுபெற்ற வெள்ளைக் கிழவர் வால்ட். பக்கத்து வீட்டில் ஹ்மோங் குடும்பம். அந்த வீட்டுப் பையன் தாவோவைக் கும்பலில் சேர்க்கப் பார்க்கிறான் அவனுடைய ஒன்றுவிட்ட சகோதரன். கும்பல் தாவோவின் அக்கா சூவைச் சிதைக்கிறது. கிழவர் ஆயுதமில்லாமல் போய் நின்று, சுடவைத்துச் சாகிறார். கும்பல் உள்ளே போகிறது. பையனுக்குக் கிழவரின் பழைய கார் கிடைக்கிறது. பலருக்குப் பிடித்த படம், நம் திரைப்படச் சங்கத்து நண்பர்கள் உட்பட.

படத்தில் ஹ்மோங் வரலாறு சூவின் வாயில் சில வரிகளாக வந்துபோகிறது. அமெரிக்காவின் பக்கம் நின்று சண்டை போட்டோம், தோற்றதும் ஓடிவந்தோம் என்கிற அளவில். அதை அவள் சொல்லிக்கொண்டிருக்கும் இடத்திலேயே கதை அதைக் கடந்து போய்விடுகிறது. கும்பலுக்கோ வரலாறே கிடையாது. காரில் வருகிறார்கள், மிரட்டுகிறார்கள், போகிறார்கள். ஏன் சேர்ந்தார்கள் என்று படம் கேட்பதில்லை. வால்ட்டின் யுத்தத்துக்கு மட்டும் குற்ற உணர்வு உண்டு, பாவமன்னிப்பு உண்டு, பதக்கம் உண்டு. அமெரிக்கா ஆசியாவில் நடத்திய யுத்தங்களின் பாவத்தை ஓர் அமெரிக்கர் தன் சாவால் தீர்த்துக்கொள்வதற்கு மேடை வேண்டியிருந்தது. ஹ்மோங் வீடு அந்த மேடை. ஹ்மோங் கும்பல் அந்தச் சிலுவைக்கு ஆணி. ஆலை மூடப்பட்ட டெட்ராய்ட் பக்கத்து வட்டாரத்தில் கதை நடக்கிறது. ஆலை ஏன் மூடியது, கிழவருக்குக் கிடைத்த வேலை தாவோவுக்கு ஏன் இல்லை என்ற கேள்வி அந்தத் தெருவில் கண்ணெதிரே கிடக்கிறது. கேமரா அதைத் தாண்டிக் காரைப் பார்க்கிறது. தாவோவாக நடித்த பீ வாங் பின்னாளில் இந்தப் படத்தின் இனவாதக் கிண்டல்களை வெளிப்படையாகவே விமர்சித்தார். சிதைக்கப்பட்ட சூ அதன்பிறகு கிட்டத்தட்டப் பேசுவதேயில்லை. அவளுடைய காயம் இரண்டு ஆண்களின் கதைக்கு எரிபொருள்.

7

இதுவரை வந்த தோழர்களில் சிலர் இப்போது ஒரு முடிவை எதிர்பார்க்கலாம்: ஆக, கும்பல் என்பது எதிர்ப்பு, விளிம்பின் கலகம். ஹாப்ஸ்பாமின் சமூகக் கொள்ளையர்கள் நமக்குப் பிடித்தமானவர்கள். பணக்காரனிடம் பிடுங்கி ஏழைக்குக் கொடுப்பவர்கள், சனங்கள் ஒளித்து வைத்துக் காப்பாற்றுகிறவர்கள். இந்தப் பையன்கள் யாரிடம் பிடுங்கினார்கள்? அகதிக் கிழவியிடம், நூடுல்ஸ் கடைக்காரரிடம், பக்கத்துத் தெருவின் இன்னொரு ஏழைப் பையனிடம். தங்கம் எங்கே என்று கேட்டு வியட்நாமியத் தாயின் தலையில் துப்பாக்கி வைத்தவன் எந்த அதிகாரத்தை எதிர்த்தான்? கும்பல்களுக்குள் பெண்பிள்ளைகள் பட்ட பாட்டை எந்தக் கலகக் கோட்பாட்டால் மூடுவது? பலியானவர்களும் விளிம்புநிலைதான் என்பதை மறந்துவிட்டு விளிம்பைப் பற்றிப் பேசுவது கொடுமை.

மறுபக்கம், 'உதிரிப் பாட்டாளிகள்' என்ற மார்க்சியக் குப்பைத்தொட்டியில் இவர்களைத் தூக்கிப்போடுகிற பழக்கமும் நமக்கு உண்டு. வர்க்க உணர்வு இல்லை, அமைப்பாகமாட்டார்கள், ஆகவே வரலாற்றில் இடமில்லை. ஆனால் ஒரு பதினைந்து வயசுப் பையனைத் தொழிற்சங்கமும் தேடி வரவில்லை, கட்சியும் வரவில்லை, பிக்குவும் வரவில்லை, வாத்தியாரும் வரவில்லை. தேடி வந்தது தெருமுனை அண்ணன் மட்டும்தான். அமைப்பாகத் தெரியாதவர்கள் என்று யார் சொன்னது? பெயர், சட்டம், சைகை, விசுவாசம், சிறையிலிருப்பவனுக்குப் பணம், செத்தவனுக்கு ஊர்வலம் என்று முழு அமைப்பையே கட்டினார்கள். அதைத் தங்கள் சனத்துக்கு எதிராகத் திருப்பினார்கள் என்பதே துயரம். இதைத் தீர்ப்பாகச் சொல்லிவிட்டுப் போகாமல் கேள்வியாகச் சுமக்க முடிந்தால், நம்முடைய அமைப்புகள் எந்தத் தெருமுனைக்கு இன்னும் போகவில்லை என்பதும் தெரியவரும்.

இப்போது எழுத்து அந்த வீடுகளுக்கு உள்ளிருந்தே வருகிறது. ஸ்டாக்டன் கம்போடியக் குடும்பத்தில் பிறந்த ஆண்டனி வேஸ்னா சோவின் 'ஆஃப்டர்பார்ட்டீஸ்' கதைத் தொகுப்பு, அவர் இறந்த பிறகு 2021இல் வந்தது. டோனட் கடையும் கார் பட்டறையும் கல்யாணக் கூடமும்தான் அவருடைய உலகம். பெற்றோரின் இனப்படுகொலை பிள்ளைகளின் நக்கலுக்குள் எப்படி மூச்சுவிடுகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாடுகடத்தப்பட்ட கம்போடியர்களைப் பின்தொடர்ந்த 'சென்டன்ஸ்டு ஹோம்' (2006) என்ற ஆவணப்படமும் இருக்கிறது. லாங் பீச் கும்பலிலிருந்து சிறைக்கும் சிறையிலிருந்து புனோம் பென்னுக்கும் வந்து சேர்ந்த ஒருவர் அங்கே தெருப்பிள்ளைகளுக்கு பிரேக் டான்ஸ் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அது 'டைனி டூன்ஸ்' என்ற அமைப்பாக வளர்ந்தது. பிள்ளைகள் ஆட வந்தார்கள், கூடவே எழுத்தும் படித்தார்கள். சட்டத்தின் கணக்குப்படி பார்த்தால் மூன்று பேருக்கு மேல், பொதுவாக ஒரு பெயர், ஓர் அடையாளம் எல்லாம் அதற்கும் உண்டு.